கழுவின பத்தாம் நாளே கார்பெட் மறுபடி கறுக்கிறது: சோப்பு குறைவா, காரம் கூடுதலா?

ஜூன் 9, காலை. கேள்வி

ஈரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மேடை, நடைபாதை, மணமகள் அறை எல்லாம் சேர்த்து 1,200 சதுர அடி கார்பெட். சித்திரை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு ஆள் வைத்துக் கழுவினோம். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. பத்தாவது நாள் நடைபாதை முழுக்கக் கறுப்புக் காலடித் தடம். கழுவியவரைக் கேட்டால், "உங்க மண்டபத்துக்கு வர்றவங்க செருப்போட நடக்கறாங்க, நான் என்ன பண்ண" என்கிறார். இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு, காரமான, அதாவது சோடா மாதிரியான, கழுவும் மருந்தை அடித்துவிட்டார்கள், இனிமேல் அமிலமும் காரமும் இல்லாத, பிஎச் 7 உள்ள நியூட்ரல் ஷாம்பூ தவிர எதையும் தொடாதீர்கள் என்கிறார். நியூட்ரல் ஷாம்பூ வாங்கி ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். நெய்ப்பிசுக்கு அப்படியே இருக்கிறது. யார் சொல்வது சரி?

ஜூன் 9, இரவு

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை. துபாயில் எட்டு வருடம் ஒரு கிளீனிங் கம்பெனியில் கார்பெட் வேலை பார்த்தேன். இப்போது கோயம்புத்தூரில் இரண்டு மெஷின், நான்கு பையன்களோடு சொந்தமாகச் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மண்டபத்துக் கார்பெட்டில் இருப்பது வெறும் தூசி இல்லை. நெய், தேங்காய் எண்ணெய், தலை எண்ணெய், கால் வியர்வை, சாம்பார். எண்ணெய் நாள்பட்டால் கொழுப்பு அமிலம் ஆகிறது. அதைப் பிரித்தெடுக்கக் காரம் வேண்டும். காரமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் சோப்பு, அது தண்ணீரில் கரைந்து வந்துவிடும். பாட்டி சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்ததும் இதே கணக்குதான். நியூட்ரல் ஷாம்பூவில் உங்கள் நெய் போகாததற்குக் காரணம் இது.

ஆனால் வேலை முடிந்தபிறகு அந்தக் காரம் கார்பெட்டில் தங்கக் கூடாது. தங்கினால் நூல் விறைக்கும், சாயம் இளகும், தூசி சீக்கிரம் பிடிக்கும். அதனால்தான் முதலில் காரம், கடைசியில் லேசான அமிலத்தில் அலசல் என்று இரண்டு கட்டமாகச் செய்கிறோம். உங்கள் கார்பெட்டில் இரண்டாவது கட்டம் நடக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கறுத்த இடத்தில் அழுத்தித் தேயுங்கள். பிறகு துணியை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் சோப்பும் காரமும் உள்ளேயே இருக்கிறது.

ஜூன் 10

மண்டப நண்பர் சோதனை செய்துவிட்டு எழுதியிருக்கிறார்: வழுக்குகிறதாம். லேசாக நுரையும் வந்ததாம். கழுவி மூன்று வாரம் ஆகிறது!

செருப்போடு நடந்தவர்கள்மேல் பழி போட வேண்டாம்.

ஜூன் 11

பிஎச் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டதால் சுருக்கமாக. 0 முதல் 14 வரை ஒரு அளவுகோல். 7 நடு. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். 1909இல் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர் கொண்டுவந்தது. பீர் தயாரிக்கும் கார்ல்ஸ்பெர்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்.

நம் வேலைக்கு நினைவில் வைக்க வேண்டியவை: எலுமிச்சைச் சாறு 2க்குக் கொஞ்சம் மேல், ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் 8.3 சுமார், சலவைச் சோடா ஒரு சதவீதம் கரைத்தால் 11க்கு மேல். கம்பளிக்கு நான் 8.5ஐத் தாண்டுவதில்லை. நைலானுக்கு 10 வரை. அதற்கு மேல் போனால் கறை பிடிக்காமல் இருக்க ஆலையில் ஏற்றிய பூச்சு கெட ஆரம்பிக்கும். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூல் எதையும் தாங்கும், ஆனால் எண்ணெயை விடாது.

ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு. 10இல் இருப்பதை 9க்குக் கொண்டுவர இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஜூன் 12

நேற்றைய கடைசிப் பத்தி தவறு. பாலிடெக்னிக்கில் வேதியியல் எடுக்கும் நண்பர் ஒருவர் போன் செய்து சொன்னார். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 9ஐவிட 10 பத்து மடங்கு காரம், 8ஐவிட நூறு மடங்கு.

தண்ணீர் ஊற்றும் கணக்கும் அவ்வளவு நேராக இல்லை என்றார். சலவைச் சோடாக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் விட்டு நீர்த்தாலும் பிஎச் சுமார் அரைப் புள்ளிதான் இறங்குமாம். நம்பிக்கை வராமல் நானே பக்கெட்டில் கலந்து பிஎச் மீட்டரை விட்டுப் பார்த்தேன். 11.4 காட்டியது, பத்து மடங்கு தண்ணீருக்குப் பிறகு 10.9. இத்தனை வருடம் "நிறையத் தண்ணி விட்டா சரியாயிடும்" என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் விட்டால் மட்டும் சரியாகாது, விட்ட தண்ணீரை உறிஞ்சி வெளியே எடுத்தால்தான் சரியாகும்.

ஜூன் 14

வினிகர் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். வீடியோக்களில் அரை டம்ளர் வினிகரை மெஷினின் 20 லிட்டர் தொட்டியில் ஊற்றி, காரத்தைச் சமன் செய்துவிட்டோம் என்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அரை டம்ளர் என்றால் 100 மில்லி, அதில் அமிலம் 5 கிராம். அந்த 5 கிராம் முழுசாக வேலை செய்தாலும் நாலரை கிராம் சலவைச் சோடாவைத்தான் அடக்கும். ஒரு டீஸ்பூன் சோடா! மண்டபத்துக்குக் காரமருந்து அடிக்கும்போது நூற்றுக்கணக்கான கிராம் உள்ளே போகிறது. வினிகர் வாசனை வருகிறது என்பதற்காகக் காரம் போய்விட்டது என்று நம்ப வேண்டாம்.

சிட்ரிக் ஆசிட் மலிவு, தூளாகக் கிடைக்கிறது, வாசனை இல்லை. 100 கிராம் சலவைச் சோடாவை முழுசாக அடக்கக் குறைந்தது 120 கிராம் சிட்ரிக் ஆசிட். இந்த ஒரு கணக்கை எழுதிக் குடோன் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மருந்துக் கேனில் போட்டிருக்கும் பிஎச் எண் காரம் எவ்வளவு கடுமை என்று சொல்லும். எவ்வளவு சரக்கு உள்ளே இருக்கிறது என்று சொல்லாது. பிஎச் 10 என்று போட்ட இரண்டு கேன் வாங்கினேன். ஒன்றை அடக்க ஒரு ஸ்பூன் சிட்ரிக் போதும், இன்னொன்றுக்கு நான்கு ஸ்பூன் ஆனது. ஒரே எண்தான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

ஜூன் 15

ஒரு எச்சரிக்கை, இதைத் தனியாக எழுதுகிறேன். ப்ளீச் அடித்த இடத்தில் அமிலம் ஊற்றாதீர்கள். வினிகரும் கூடாது, சிட்ரிக்கும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய மணமகள் அறையில் அது உயிர்போகும் விஷயம். கம்பளிக் கார்பெட்டில் ப்ளீச்சே கூடாது, நூல் கரைந்துவிடும்.

ஜூன் 18

கோயம்புத்தூரில் சாரல் பிடித்துவிட்டது. நேற்று ஒரு வீட்டுக் கம்பளம் கழுவினோம், இன்று காலை வரை ஈரம். ஓரத்தில் டீத் தண்ணீர் ஊற்றியதுபோல் பழுப்பு ஏறியிருக்கிறது. இது அழுக்கு இல்லை. மேலே கம்பளி நூல், அடியில் பருத்திப் பாவு (நெடுக்கு நூல்). உத்தரப்பிரதேசத்தில் பதோஹியிலும் மிர்சாப்பூரிலும் முடிச்சுப் போட்டு நெய்யும் கம்பளம் பெரும்பாலும் இப்படித்தான். பருத்தியிலும் சணலிலும் இருக்கிற பழுப்புச் சாரம் காரத்தில் இளகி, ஈரம் மேலே ஏறும்போது கூடவே ஏறி, நுனியில் காய்ந்து நின்றுவிடுகிறது. காரம் கூட, காய்வது மெதுவாக: இரண்டும் சேர்ந்தால் பழுப்பு நிச்சயம்.

சிட்ரிக் கரைசலை லேசாகத் தெளித்து, ஃபேன் வைத்து, திருப்பிப் போட்டேன். மதியத்துக்குள் முக்கால்வாசி மறைந்தது. வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். "மந்திரம் மாதிரி இருக்குதுங்க" என்றார்கள். நேற்று சாயங்காலமே அமில அலசலைச் சரியாகச் செய்திருந்தால் மந்திரமே தேவைப்பட்டிருக்காது. மழைக்குப் பயந்து பையன்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். கூட இருந்து பார்க்காதது என் தவறு.

ஜூன் 21

தண்ணீர். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கோவையில் வீட்டுக்கு வீடு இரண்டு குழாய். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. நல்ல தண்ணியாக வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் சோப்புக்கே நுரை பொங்கும். உப்புத் தண்ணி என்பது போர் தண்ணீர், அதில் சோப்பு திரிந்து வெள்ளைப் படலமாக நிற்கும். கார்பெட் கழுவ வருகிறோம் என்றால் எந்த வீட்டிலும் உப்புத் தண்ணிக் குழாயைத்தான் காட்டுவார்கள். அது நியாயம்தான், குடிக்கிற தண்ணீரை யார் கார்பெட்டுக்குக் கொடுப்பார்கள்.

போர் தண்ணீரிலேயே பைகார்பனேட் காரம் கரைந்திருக்கிறது. நாம் போடும் அமிலத்தை முதலில் தண்ணீரே சாப்பிட்டுவிடும். என் குடோன் போர் தண்ணீரை ஒருமுறை லேபில் கொடுத்தேன். காரத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வந்தது. அப்படியானால் 20 லிட்டர் தொட்டியில் போடும் சிட்ரிக்கில் குறைந்தது 10 கிராம் தண்ணீருக்கே போய்விடும். அதற்கு மேல் போடுவதுதான் கார்பெட்டுக்கு வந்து சேரும்.

மண்டப நண்பர் போர் தண்ணீர் என்று எழுதியிருந்தார். லாரித் தண்ணீர் கிடைத்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது அதை வையுங்கள்.

ஜூன் 22

பிஎச் அளப்பது எப்படி என்று கேட்டவருக்கு. கேனை அளக்காதீர்கள், தொட்டியை அளப்பதும் போதாது. கார்பெட்டை அளக்க வேண்டும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணி (உப்பு நீக்கிய தண்ணீர், ஆசிட் இல்லை) ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த கார்பெட்டில் ரூபாய்க் காசு அளவுக்குச் சொட்டு விட்டு, விரலில் கிளவுஸ் போட்டு நூலுக்குள் அமுக்கி, ஒரு நிமிடம் விட்டு, பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் பிஎச் தாளை அழுத்தி எடுங்கள். குழாய்த் தண்ணீர் விட்டால் அந்தத் தண்ணீரின் பிஎச்தான் வரும். மூன்று இடத்தில் பாருங்கள்: நடுவில், ஓரத்தில், யாரும் நடக்காத சோபா அடியில். சோபா அடியில் வருவதுதான் அந்தக் கார்பெட்டின் சொந்த எண். வேலை முடித்து நாம் கிளம்பும்போது மற்ற இரண்டும் அதற்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

பேனா மாதிரி இருக்கும் பிஎச் மீட்டர் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை பிஎச் 4, 7, 10 உள்ள கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்காத மீட்டரைவிடப் பிஎச் தாள் எவ்வளவோ நம்பகமானது.

ஜூன் 27

இன்று நடந்ததை உடனே எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மண்டபம். வாசலில் கிரீம் நிற கார்பெட், நடுவில் உள்ளங்கை அளவு ரத்தச் சிவப்புக் கறை. மேனேஜர் பெயின்ட் என்றார். குனிந்து பார்த்தேன். விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு. ஆரத்தி! மணமக்களுக்குச் சுற்றிய ஆரத்தித் தண்ணீரைத் தட்டோடு யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள்.

ஆரத்தி எப்படிக் கரைக்கிறோம்? தண்ணீரில் மஞ்சள்தூள், அதில் துளி சுண்ணாம்பு. மஞ்சள் சிவப்பாகும். சுண்ணாம்பு காரம், மஞ்சளுக்குக் காரம் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். பிஎச் ஏழரையிலிருந்து எட்டரைக்குள் அந்த மாற்றம் நடக்கிறது. சிட்ரிக் கரைசலை ஸ்ப்ரேயில் எடுத்து ஒரு ஓரத்தில் அடித்தேன். கண்முன்னாலேயே சிவப்பு பின்வாங்கி மஞ்சள் ஆனது. முதலில் நூலின் நுனி, பிறகு அடி. இரண்டு நொடி இருக்கும். பையன்கள் நான்கு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

மஞ்சளாக மாறியதே தவிரக் கறை போகவில்லை. அதை எடுக்கத் தனி வேலை. சாயம் கழலாத கார்பெட் என்று பார்த்துக்கொண்டு ஸ்பிரிட் ஒற்றி எடுத்தோம், மீதியை வெயிலுக்கு விட்டுவிட்டு வந்தோம். வெயிலில் மஞ்சள் தானே வெளுக்கும், அது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

ஆனால் வரும் வழியெல்லாம் வேறொன்று மனதில் ஓடியது. பையன்களில் ஒருவனுக்கு பிஎச் தாளின் பச்சைக்கும் நீலப்பச்சைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மஞ்சள், சிவப்பு என்றால் தெரியாமல் இருக்குமா?

ஜூன் 29

மஞ்சளிலேயே ஒரு சோதனைத் தாள் செய்துவிட்டேன். மஞ்சள்தூள் ஒரு ஸ்பூன், ஸ்பிரிட் அரை டம்ளர், கலக்கி வடிகட்டி, காபி வடிகட்டும் காகிதத்தை நனைத்துக் காயவைத்து, விரல் அகலத்துக்கு நறுக்கினேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த சோதனைதான். காய்ந்த கார்பெட்டில் பேட்டரி தண்ணி சொட்டிவிட்டு அழுத்தினால், காரம் இருந்தால் செங்கல் நிறம். இல்லையென்றால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

பையன்களுக்கு ஒரே விதி: தாள் சிவந்தால் மறுபடி அலசு.

ஜூன் 30

குறை ஒன்று இருக்கிறது. மஞ்சள் தாள் காரத்தை மட்டும் காட்டும். அமிலம் அதிகமாகிப் பிஎச் 3க்குப் போனாலும் அது மஞ்சளாகவேதான் இருக்கும். அதனால் பிஎச் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் கட்டாயம் இரண்டையும் பாருங்கள். வெளிர் நிறக் கார்பெட்டில் மஞ்சள் தாளை நேராக வைத்தால் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியில் ஈரத்தை ஒற்றி எடுத்துக்கொண்டு, தாளைத் துணியில் வையுங்கள்.

ஜூலை 3

"எங்கள் தாத்தா வெள்ளாவி வைத்தவர். பிஎச் எல்லாம் அவருக்குத் தெரியாது, துணி வெளுக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்தான் தெரியாது, விஷயம் அவருக்கு நன்றாகத் தெரியும். வெள்ளாவிக்கு உவர்மண் போட்டார்கள், அதில் இருப்பது சலவைச் சோடாதான். அதை எதற்குப் போட்டார்கள்? பருத்திக்கு. பருத்தி காரத்தைத் தாங்கும். பட்டுப்புடவையை யாராவது வெள்ளாவியில் வைத்தார்களா? பட்டுக்குப் பூந்திக்கொட்டை. பூந்திக்கொட்டைத் தண்ணீர் லேசான அமிலம், 5 பக்கத்தில் நிற்கும். பட்டும் கம்பளியும் உயிர்களிடமிருந்து வந்த நூல், காரம் பட்டால் அரித்துப்போகும்.

உங்கள் தாத்தா நூலைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்தவர். இன்றைக்கு மெஷின் வைத்திருக்கும் பலர் அதைச் செய்வதில்லை.

நூல் எதுவென்று தெரியாவிட்டால் அடியிலிருந்து ஒரு இழை வெட்டிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனையும் நொறுங்கும் சாம்பலுமாக இருந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கட்டியானால் செயற்கை நூல். இன்னொரு இழையைத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள், மிதந்தால் பாலிப்ரோப்பிலீன்.

ஜூலை 5

கம்பளி பற்றி எழுதியதும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. துபாயில் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு வில்லா, பெரிய ஹால், கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளம். ஓரமெல்லாம் ஆழ்ந்த சிவப்பு, நடுவில் தந்த நிறம். சூப்பர்வைசர் ஓட்டல் நடைபாதைக்கு அடிக்கும் மருந்தையே அடிக்கச் சொன்னார். பிஎச் 12க்குப் பக்கம். சாயம் போகுமா என்று வெள்ளைத் துணியில் பார்க்கலாமா என்றேன். நேரமில்லை என்றார்.

அடித்த பத்தாவது நிமிடம் சிவப்பு நகர ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து தந்த நிறத்துக்குள், நூல் நூலாக. நான் மண்டிபோட்டு டவலை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தேன், டவல் சிவந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று பார்த்தார். கத்தவில்லை. "அது என் அம்மாவுடையது" என்று மட்டும் சொன்னார். வேனில் சிட்ரிக் ஒரு கிலோ இருந்தது, என்ன செய்வதென்று சொல்லித்தர ஆள் இல்லை. உடனே அமிலம் அடித்திருந்தால் சாயம் நகர்வது அங்கேயே நின்றிருக்கும். அடுத்த மாதம்தான் அது எனக்குத் தெரிந்தது.

இன்று வரை வெள்ளைத் துணி இல்லாமல் நான் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை. கலந்த மருந்தைத் துணியில் நனைத்து, ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஒரு நிமிடம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மெஷின்.

ஜூலை 8

அமிலத்தைப் பற்றி இவ்வளவு எழுதியபிறகு எனக்கே ஒரு சந்தேகம். போன வாரம் குடோனில் ஒரே கார்பெட்டை மூன்று துண்டாக வெட்டி, மூன்றிலும் ஒரே அளவு காரமருந்து அடித்தேன். முதல் துண்டில் மருந்தை உறிஞ்சிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இரண்டாவதில் அலசாமல் சிட்ரிக்கை மேலே தெளித்து விட்டேன். மூன்றாவதில் அமிலமே இல்லை, சிறுவாணித் தண்ணீரில் இரண்டு முறை அலசி உறிஞ்சினேன்.

காய்ந்ததும் முதலாவது 9.5. இரண்டாவது 6.5, எண் அழகாக இருந்தது. மூன்றாவது 7.5. மூன்றையும் குடோன் வாசலில் போட்டுப் பையன்களை நடக்க விட்டேன். நான்கு நாளில் முதலாவது கறுத்தது, எதிர்பார்த்ததுதான். இரண்டாவதும் கறுத்தது! மூன்றாவது மட்டும் சுத்தமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. அமிலம் காரத்தை அடக்குகிறது. மருந்து விட்டுப்போகும் ஒட்டும் பசையை அது எடுத்துக்கொண்டு போவதில்லை. சோப் ஆயில் என்ற திரவச் சோப்பைப் போட்டுக் கழுவியிருந்தால் இன்னும் மோசம், அமிலம் பட்டதும் சோப்பு மறுபடி கொழுப்பாகப் பிரிந்து நூலில் பிசுக்காக நிற்கும். ஆகவே ஜூன் 9ஆம் தேதி நான் எழுதியதில் அழுத்தம் மாறிவிட்டது. முதலில் தண்ணீர், உறிஞ்சல். கடைசியில் மிஞ்சும் துளிக் காரத்துக்குத்தான் அமிலம். எண் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கார்பெட் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. விரலில் வழுக்கும் சோதனையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜூலை 9

மூன்று துண்டு போதாது, மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்று பாலிடெக்னிக் நண்பர் சொல்கிறார். சரி, செய்கிறேன்.

ஜூலை 13

ஃபில்டர் காபிக் கறைக்கு அமிலம் என்று எங்கோ படித்துவிட்டு நேராகச் சிட்ரிக்கை அடித்தவர் கவனத்துக்கு. கடுங்காபி என்றால் சரி. நம் காபியில் பாதி பால். பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்? அதேதான் உங்கள் கார்பெட்டில் ஆகியிருக்கிறது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் நியூட்ரல் ஷாம்பூவைப் போட்டுப் பாலை எடுங்கள், பிறகு மிஞ்சும் பழுப்புக்கு அமிலம்.

வெற்றிலைச் சாற்றுக்கும் அமிலம்தான். பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான் அந்தச் சிவப்பு. காரமருந்து அடித்தால் இன்னும் ஆழமாகும்.

குழந்தை மூத்திரம் வேறு கதை. புதிதில் லேசான அமிலம், காய்ந்து நாளானால் அம்மோனியா கிளம்பிக் காரமாகிவிடும். அதனால் பழைய கறைக்கு அமிலம், புதியதற்கு உடனே தண்ணீர் விட்டு உறிஞ்சல்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் கிடையாது, மண்டபங்களெல்லாம் காலி, எங்களுக்குச் சீசன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கார்பெட் நான்கு மணி நேரத்தில் காய்கிறது. ஜூனில் பழுப்பு ஏறிய அதே வீட்டுக் கம்பளத்தின் ஜோடியை நேற்று கழுவினோம். ஒரு பொட்டு பழுப்பில்லை. மருந்து அதேதான், அளவும் அதேதான். காற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஜூலை 20

அமில அலசல் செய்கிறவர்கள் தரையைப் பாருங்கள். மார்பிள், கடப்பாக்கல் இரண்டும் சுண்ணாம்புக் கல் இனம். சிட்ரிக் சொட்டினால் பளபளப்பு போய் வெள்ளை வட்டம் விழும். துடைத்தாலும் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும். அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். ஹோஸ் ஜாயின்ட்டுக்குக் கீழே ஒரு டவல் வையுங்கள், சொட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஜூலை 27

மூன்று துண்டுச் சோதனையை மறுபடி செய்தேன், இந்த முறை நான்காவது துண்டும் சேர்த்து. நான்காவதில் இரண்டு முறை தண்ணீர் அலசல், மூன்றாவது முறை தொட்டியில் 30 கிராம் சிட்ரிக். காய்ந்ததும் 6. கையில் தொட்டால் புதுத் துண்டு மாதிரி மிருதுவாக இருந்தது. எட்டாவது நாளும் சுத்தம். தண்ணீர் மட்டும் விட்ட துண்டில் எட்டாவது நாள் லேசான மங்கல். வித்தியாசம் சிறியது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. இதையும் போர் தண்ணீரில் செய்து பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. ஈரோடு மண்டபத்துக்கு நாங்களே போனோம். நண்பர் விடவில்லை, சித்திரான்னம் போட்டுத்தான் அனுப்பினார்.

காலையில் தாளை வைத்தோம். நடைபாதையில் ஒன்பதரை, மேடையில் ஹோம குண்டம் வைக்கும் இடத்தில் பத்தரை! விறகுச் சாம்பலே காரம், நெய்யும் சேர்ந்து அங்கே சோப்பே உருவாகியிருக்கிறது. அதனால் முதலில் காரமருந்து அடிக்கவில்லை. இருக்கிற காரமே போதும் என்று வெந்நீரை மட்டும் விட்டு உறிஞ்சினோம். முதல் தொட்டி பால்போல் வெள்ளையாக நுரைத்து வந்தது, அத்தனையும் சித்திரையில் போட்ட சோப்பு. இரண்டாவது தொட்டி சாம்பல் நிறம். மூன்றாவதில்தான் தண்ணீர் தெளிந்தது. நடைபாதையின் நெய்ப்பிசுக்குக்கு மட்டும் பிஎச் 9க்குள் இருக்கும் லேசான மருந்தை அடித்து, 15 நிமிடம் விட்டுப் பிரஷ் போட்டு, மறுபடி அலசினோம். கடைசியாக லாரித் தண்ணீரில் சிட்ரிக்.

மாலை காய்ந்ததும் பத்து இடத்தில் மஞ்சள் தாள் வைத்தோம். ஒன்பது இடத்தில் மஞ்சள். ஹோம குண்டத்து ஓரம் மட்டும் லேசாகச் சிவந்தது. அந்த இரண்டடி இடத்தை மறுபடி அலசிவிட்டுக் கிளம்பும்போது இரவு ஒன்பது மணி. அங்கே இன்னும் ஈரம், அதனால் கடைசித் தாளை நண்பர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5

போட்டோ அனுப்பியிருக்கிறார். மஞ்சள்.

ஆகஸ்ட் 14

பத்து நாள் ஆகிவிட்டது. ஆடி முடியாததால் கல்யாணம் இல்லை, ஆனால் ஒரு காதுகுத்து நடந்ததாம். 150 பேர் நடந்திருக்கிறார்கள். நடைபாதையில் தடம் இல்லை என்கிறார். ஆவணி முகூர்த்தங்கள் போகட்டும், அப்போது மறுபடி தாள் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.